‘10 வேலை நாட்கள் ஆகலாம்’: விலகியும் விடாத மெயில்கள்

வேண்டாத விளம்பர மெயிலின் அடியில், விலகுவதற்கான அன்சப்ஸ்கிரைப் என்ற சொல்லைத் தேடிப் பிடித்து அழுத்துகிறோம். ஒரு பக்கம் திறக்கிறது. ‘உங்களை நீக்கிவிட்டோம். இது நடைமுறைக்கு வர 10 வேலை நாட்கள் வரை ஆகலாம்’ என்கிறது. காசு கட்டிய அடுத்த நொடியே நன்றி மெயில் அனுப்பத் தெரிந்த நிறுவனத்துக்கு, ஒரு பெயரை அடிக்க மட்டும் இரண்டு வாரம் வேண்டியிருக்கிறது. சரி, போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். மூன்றாவது வாரம் அதே நிறுவனத்திடமிருந்து, கொஞ்சம் வேறு பெயரில், ‘உங்களுக்காகவே’ என்று ஒரு மெயில் வந்து நிற்கிறது.

ஒரே நிறுவனத்திடமிருந்து நான் ஒரு வருடத்தில் ஐந்து முறை விலகியிருக்கிறேன். ஐந்து முறையும் ‘வருந்துகிறோம், இனி வராது’ என்றே பதில் வந்தது. அந்த ஐந்து பதிலும் பொய் இல்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. சலுகை அறிவிப்புக்கு ஒரு பட்டியல், வாராந்தரச் செய்திமடலுக்கு ஒன்று, ‘உறுப்பினர் தகவல்’ என்று ஒன்று, கருத்துக்கணிப்புக்கு ஒன்று, அவர்களுடைய துணை நிறுவனத்துக்கு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ ஒன்றிலிருந்து உண்மையாகவே வெளியேறிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது ஒரே நிறுவனம். அவர்களுக்கு நான் ஐந்து பெயர்.

‘லிஸ்ட்’ என்றதும் நம் மனதில் ஒரு நோட்டுப்புத்தகம் வருகிறது. பெயர் மேல் ஒரு கோடு போட்டால் கதை முடிந்தது. அப்படி ஒரு நோட்டு எங்கேயும் கிடையாது. நம் முகவரி பில் போடும் மென்பொருளில் இருக்கும், வாடிக்கையாளர் விவரம் சேர்த்து வைக்கும் மென்பொருளில் இருக்கும், மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் வெளிச் சேவையில் இருக்கும், புகார் பிரிவில் இருக்கும், எப்போதோ நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களின் எக்செல் தாளில் இருக்கும். விற்பனைப் பிரிவில் யாரோ ஒருவருடைய லேப்டாப்பிலும் அந்தத் தாளின் நகல் ஒன்று கிடக்கும். இவற்றில் சில ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், சில பேசாது.

நாம் அழுத்தும் பட்டன் பெரும்பாலும் அந்த வெளிச் சேவையில்தான் பதிவாகிறது. அங்கே உடனடியாகப் பெயர் அடிபட்டுவிடும். ஆனால் ‘இவர் வேண்டாம் என்றுவிட்டார்’ என்ற சேதி மற்ற இடங்களுக்கும் போய்ச் சேருமா என்பது, அதற்கான இணைப்பை யாராவது உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. செய்யாத இடங்களில் என்ன நடக்கும்? புதிதாக வேலைக்கு வந்தவர் பழைய எக்செல் தாளை எடுத்து மறுபடி ஏற்றுவார்; வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடும். நிறுவனம் ஒரு மெயில் சேவையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே கதைதான். அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை மறக்காமல் எடுத்துச் செல்வார்கள். அனுப்பக் கூடாதவர்களின் பட்டியல் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

ஆமாம், அனுப்பக் கூடாதவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. தொழில்நுட்பக்காரர்கள் அதை சப்ரஷன் லிஸ்ட் என்கிறார்கள். இந்த விவகாரத்திலேயே பலருக்கும் தெரியாத இடம் இதுதான்: நம்மை விட்டுவிட வேண்டுமென்றால் அவர்கள் நம் முகவரியை ஞாபகம் வைத்திருந்தாக வேண்டும். ‘என்னைப் பற்றிய எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்’ என்று கோபத்தில் எழுதி, அவர்களும் சொன்னபடி சுத்தமாக அழித்துவிட்டால், அடுத்த மாதம் எங்கிருந்தோ வரும் ஒரு புதுப் பட்டியலில் நம் முகவரி இருக்கும்போது அதைத் தடுக்க அங்கே எதுவுமே இருக்காது. அதனால்தான் விவரமான நிறுவனங்கள், மற்ற எல்லாவற்றையும் அழித்தாலும் முகவரியை மட்டும், சில சமயம் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, தடைப் பட்டியலில் வைத்துக்கொள்கின்றன. கணக்கை மூடுவது வேறு, மெயிலை நிறுத்துவது வேறு. முதலில் மெயிலை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் கணக்கை மூடுவது நல்லது. கணக்கை மூடிய பிறகு, மெயிலை நிறுத்துவதற்காக அதே கணக்கில் லாகின் செய்யச் சொல்லும் தளங்களும் இருக்கின்றன.

அந்தப் பத்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? 2003 டிசம்பரில் அமெரிக்கா, வியாபார மெயில்களைக் கட்டுப்படுத்த, கேன்-ஸ்பேம் என்ற சட்டத்தை இயற்றியது. 2004 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் வேண்டாம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்பது அதில் உள்ள விதி. மெயில் அனுப்பும் வேலை பல கைகளில் பிரிந்து கிடந்த காலம் அது; ஒருவர் பெயரை எல்லா இடத்திலும் நீக்க அவகாசம் வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. சட்டத்தைச் செயல்படுத்தும் ஃபெடரல் டிரேட் கமிஷன், 2005-ல் இதை 3 நாளாகக் குறைக்கலாமா என்று யோசித்தது. 2008-ல் இறுதி விதி வெளியானபோது பத்து பத்தாகவே இருந்தது. இன்று பெரும்பாலான சேவைகளில் நீக்கம் அந்த நொடியிலேயே நடந்துவிடுகிறது. எழுதி வைத்த வரியை எடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. ஏற்கெனவே வரிசையில் நிற்கும் நாலு மெயிலை அனுப்பி முடிக்கவும் அந்த அவகாசம் வசதியாக இருக்கிறது.

பட்டியலிலிருந்து வெளியேறத் தவிப்பது வியாபார மெயில்கள் வந்த பிறகு தொடங்கியது அல்ல. எண்பதுகளில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஓடிய மெயில் குழுக்களிலேயே இந்தத் தொல்லை இருந்தது. 1986-ல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்சர்வ் என்ற மென்பொருளில், விலக வேண்டுமானால் ‘சைன்ஆஃப்’ என்று எழுதி, பின்னால் குழுவின் பெயரைப் போட்டு, லிஸ்ட்சர்வ் முகவரிக்கு அனுப்ப வேண்டும். பலர் அதைத் தவறுதலாகக் குழுவின் முகவரிக்கே அனுப்பிவிடுவார்கள். ‘என்னை நீக்குங்கள்’ என்ற கோரிக்கை, நீக்கும் அதிகாரம் இல்லாத அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். மென்பொருளுக்கு மட்டும் போகாது.

இதன் உச்சம் 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே நடந்தது. ‘பெட்லம் டிஎல்3’ என்ற பெயரில் சுமார் 13,000 ஊழியர்களைக் கொண்ட ஓர் உள் பட்டியல் இருந்தது. அதில் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர், தான் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறேன், நீக்கிவிடுங்கள் என்று பட்டியலுக்கே எழுதினார். ‘என்னையும்’ என்று இன்னொருவர், ‘என்னையும்’ என்று நூறு பேர். ‘எல்லோருக்கும் பதில் அனுப்புவதை நிறுத்துங்கள்’ என்று எல்லோருக்கும் பதில் அனுப்பியவர்களும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில்கள் ஓடி, சர்வர்கள் படுத்துவிட்டன. எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் மென்பொருளை உலகத்துக்கே விற்றுக்கொண்டிருந்த இடத்தில் இது நடந்தது.

அப்போது வழி இருந்தது, மனிதர்களுக்குத் தெரியவில்லை. இப்போது வழி தெரிந்துவிடக் கூடாது என்று மெனக்கெடுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் அன்சப்ஸ்கிரைப். அழுத்தினால் இருபது கட்டங்கள் கொண்ட ‘விருப்பத் தேர்வு’ பக்கம். ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு கீழே இரண்டு பட்டன்கள், பளிச்சென்று இருப்பது ‘தொடர்ந்து பெறுக’. இப்படி மனிதரை ஏமாற்றும் வடிவமைப்புக்கு 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம் என்ற வகையைக் கரப்பான்பூச்சிப் பொறிக்கு ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டில் நாம்தான் கரப்பான்பூச்சி என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கும் பதில் உண்டு. கேன்-ஸ்பேம் விதிப்படி விலகுவதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. மெயில் முகவரியையும் எவை வேண்டாம் என்ற விருப்பத்தையும் தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது. ஒரு பதில் மெயில் அல்லது ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் அலைய விடக் கூடாது. லாகின் செய்யச் சொல்வதே இந்த விதிக்கு ஒத்துவராது. விலகும் வழி, மெயில் அனுப்பிய பின் குறைந்தது 30 நாள் வேலை செய்ய வேண்டும். விலகியவரின் முகவரியைப் பிறருக்கு விற்கவும் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட தனி ஆள் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. அரசு அமைப்புகளும் இணையச் சேவை நிறுவனங்களும்தான் போடலாம். அமெரிக்க அரசியல் கட்சிகள் நன்கொடை கேட்டு அனுப்பும் மெயில்கள் வியாபாரக் கணக்கில் வராததால் இந்த விதிகளுக்குள் அடங்குவதே இல்லை.

இன்னொரு பெரிய சந்து, ‘இது விளம்பரம் அல்ல’ என்பது. பில், ரசீது, கடவுச்சொல் மாற்றம் போன்ற மெயில்களுக்கு அன்சப்ஸ்கிரைப் வேண்டியதில்லை; அது நியாயம்தான். அந்த வேஷத்தில் விளம்பரம் வந்தால்? கடன் விவரங்களைக் கையாளும் எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் நுகர்வோர் பிரிவு மீது 2023-ல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு இதைப் பற்றியது. தங்கள் கடன் விவரங்களைப் பூட்டி வைக்க இலவசக் கணக்கு தொடங்கியவர்களுக்கு விலகும் வழியே இல்லாமல் விளம்பர மெயில்கள் போயின. சிலவற்றின் அடியில் இது விளம்பர மெயில் அல்ல என்றே எழுதியிருந்தது. வழக்கு 6,50,000 டாலர் அபராதத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு, பாதுகாப்புக் கேமரா விற்கும் வெர்கடா நிறுவனம் விலகும் வழி தராததற்கும் விலகச் சொன்னவர்களை விடாததற்கும் சேர்த்து 29.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தச் சட்டத்தின் கீழ் ஃபெடரல் டிரேட் கமிஷன் வாங்கிய அபராதங்களில் அதுவரை அதுதான் பெரியது. இருபது வருடத்தில் கமிஷன் வாங்கிய அதிகபட்சம் இவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் அணுகுமுறை வேறு. அமெரிக்காவில் நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை அனுப்பலாம். ஐரோப்பாவிலும், 2014 ஜூலை முதல் கனடாவிலும், பொதுவாக முதலில் சம்மதம் வேண்டும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. நேரடி விளம்பரத்தை ஒருவர் மறுத்தால், காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். இந்தியா 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறுவது பற்றி இதே பொருளில் ஒரு விதி இருக்கிறது.

இப்போது பலரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால், ‘ஓ, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று தெரிந்துகொண்டு இன்னும் அதிகமாக அனுப்புவார்களாமே, உண்மையா? இந்த அறிவுரை மிகப் பழையது. ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002-ல் இதைச் சோதித்தே பார்த்தது. ஸ்பேம் மெயில்களில் இருந்த நீக்கல் இணைப்புகளையும் முகவரிகளையும் எடுத்து, தாங்களே கோரிக்கை அனுப்பினார்கள். அவற்றில் 63 சதவீதம் வேலையே செய்யவில்லை. வேலை செய்யாத முகவரிக்கு நம் கோரிக்கை போய்ச் சேரப் போவதில்லை. அதை வைத்து யாரும் நம் முகவரியைச் சேகரிக்கவும் முடியாது. ஆக அன்றைக்குப் பெரிய ஆபத்து, கூடுதல் ஸ்பேம் வருவதைவிட கோரிக்கை கிணற்றில் போட்ட கல்லாகிவிடுவதுதான். ஆனால் காலம் மாறியிருக்கிறது. இன்று மோசடி மெயிலில் உள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பு, உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். என் கணக்கு எளிது: அனுப்பியவர் யாரென்று தெரிந்தால், நான் எப்போதாவது அவரிடம் முகவரி கொடுத்திருக்க வாய்ப்பிருந்தால், விலகுவேன். யாரென்றே தெரியாவிட்டால் மெயிலுக்குள் எதையும் தொடாமல் ஸ்பேம் என்று குறிப்பேன்.

மெயிலுக்குள் தொடாமலே விலகவும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் நாம் பார்க்காத ஒரு தலைப்பகுதி உண்டு. அதில் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு வரி வைத்து விலகும் முகவரியைக் குறிப்பிடலாம் என்று 1998-ல் வெளியான ஆர்எஃப்சி 2369 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் அன்சப்ஸ்கிரைப் அந்த வரியைப் படித்துத்தான் உருவாகிறது. நிறுவனத்தின் எறும்பு எழுத்தைத் தேட வேண்டியதில்லை.

இதிலும் ஒரு வேடிக்கையான கோளாறு வந்தது. பல அலுவலகங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், மெயிலில் உள்ள இணைப்புகளை எல்லாம் தாமே திறந்து பார்க்கும். திறந்த உடனே நீக்கிவிடும் இணைப்பாக இருந்தால், மென்பொருளே ஆளை விலக்கிவிடும். வேண்டியவர்களுக்கும் மெயில் நின்றுபோகும். இதற்குப் பயந்துதான் பல நிறுவனங்கள் ‘உறுதியாகவா?’ என்று இன்னொரு பக்கம் வைத்தன. எல்லாமே கெட்ட எண்ணத்தில் வைத்தவை அல்ல. 2017 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8058 இந்த முடிச்சை அவிழ்த்தது. இணைப்பை வெறுமனே திறந்தால் எதுவும் நடக்காது. குறிப்பிட்ட சொற்றொடருடன் தகவலை அனுப்பினால்தான் நீக்கம் நடக்கும். வைரஸ் தடுப்பான் அதை அனுப்பாது, மெயில் செயலியின் பட்டன் அனுப்பும். ஒரே அழுத்தில் விலகலாம்.

ஏழு வருடம் அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. 2023 அக்டோபரில் கூகுளும் யாகூவும் சேர்ந்து, 2024 பிப்ரவரி முதல் புது விதிகள் என்று அறிவித்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் மெயில் அனுப்புபவர்கள், விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும். கோரிக்கையை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும். ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பேம் என்று குறிக்கும் அளவுக்குப் புகார் போய்விடக் கூடாது. மீறினால் அபராதம் கிடையாது, மெயில் போய்ச் சேராது. அவ்வளவுதான். அமெரிக்கச் சட்டம் பத்து நாளிலேயே விட்டுவிட்டதை, இரண்டு மெயில் நிறுவனங்கள் இரண்டு நாளாக்கின. இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது நல்லதா என்பது வேறு விவாதம்; என் இன்பாக்ஸ் அதன் பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறது என்பதை மறைக்க மாட்டேன்.

ஸ்பேம் பட்டனின் பலம் இங்கேதான் புரியும். நிறுவனத்தின் பார்வையில் ஒருவரை வைத்திருக்கச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஒருவரை விட்டால் மாத அறிக்கையில் ஓர் எண் குறையும். அதனால் அவர்கள் உங்கள் கோபத்துக்கு அஞ்சுவதில்லை. ஆனால் ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பேம் என்று குறித்தால், மீதி 997 பேருக்கும் மெயில் போகாமல் போகலாம். அதற்கு அஞ்சுகிறார்கள். இரண்டு முறை முறையாக விலகியும் மூன்றாவது மெயில் வந்தால், தயங்காமல் ஸ்பேம் என்று குறிக்கலாம். விரும்பிச் சேர்ந்து, இப்போது சலித்துப்போன செய்திமடலுக்கு மட்டும் அதைச் செய்வது நியாயமில்லை.

விலகவே முடியாமல் மாட்டிக்கொள்பவர்களில் ஒரு சாரார் தனி ரகம். விலகும் பக்கத்தில் முகவரியை எழுதினால் ‘இந்த முகவரி எங்கள் பட்டியலில் இல்லை’ என்று வரும். மெயிலோ நாள் தவறாமல் வரும். பெரும்பாலும் காரணம், பழைய முகவரிக்கு வரும் மெயில் புதியதற்குத் திருப்பிவிடப்பட்டிருப்பதுதான். பட்டியலில் இருப்பது பழையது, நாம் எழுதுவது புதியது. மெயிலின் முழுத் தலைப்பகுதியைத் திறந்து, அது முதலில் எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்து அதையே எழுத வேண்டும். ஜிமெயிலில் முகவரிக்குள் இருக்கும் புள்ளிகள் கணக்கில் வராது. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்கு வரும். ஆனால் அனுப்புபவரின் பட்டியலுக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். நம் பெயரே கொண்ட யாரோ ஒருவர் தன் முகவரி என்று நினைத்து நம்முடையதைக் கொடுத்துவிட்டால், அவருடைய பயணச்சீட்டும் பள்ளி அறிவிப்பும் நமக்கு வரும். எனக்கும் வந்துகொண்டிருக்கிறது, அவர் அடிக்கடி ஊர் சுற்றுகிறார். முகவரி கொடுத்ததும் உறுதிசெய்யும் மெயில் ஒன்றை அனுப்பி, அதை அழுத்திய பிறகே சேர்க்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருந்தால் இது நடக்காது.

அந்தப் பழக்கம் இல்லாததை விஷமிகளும் பயன்படுத்துகிறார்கள். 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முகவரிகள் பலவற்றை யாரோ ஆயிரக்கணக்கான செய்திமடல்களில் ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டார்கள். பெட்டி நிரம்பி, வேலைக்கான மெயில் எது என்றே தெரியாமல் போனது. இன்று இதே உத்தி திருட்டுக்குத் திரையாகவும் பயன்படுகிறது. திடீரென்று ஒரே மணி நேரத்தில் நீங்கள் சேராத நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து ‘வரவேற்கிறோம்’ மெயில்கள் வந்தால், ஒவ்வொன்றாக அன்சப்ஸ்கிரைப் செய்ய உட்கார வேண்டாம். அந்தக் குவியலுக்கு நடுவே வங்கியிலிருந்தோ, கடை ஒன்றிலிருந்தோ, ‘உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது’ என்று ஒரு நிஜ மெயில் கிடக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள்.